வண்டிக்கு ஊசி போடும் சிஸ்டர்

“கொஞ்சம் எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பயப்படக் கூடாது. இதோ முடிஞ்சிடுச்சு.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய வேனுக்கு அடியிலிருந்து இந்தக் குரல் வரும். வெளியே தெரிவது இரண்டு கால்கள் மட்டும்தான். சாம்பல் நிறக் காலுறை, அதில் வலது கட்டைவிரல் எட்டிப் பார்க்க ஒரு ஓட்டை. மற்றதெல்லாம் வேனுக்கு அடியில். உள்ளே வேறு யாரும் படுத்திருக்கவில்லை. ஊசி போட்டுக்கொள்வது வேன்.

வேன் கீழ்வீட்டுக்காரர்களுடையது, நான் மாடி வீட்டில் குடியிருப்பவன். ஊசி என்றால் எனக்கு ஆகவே ஆகாது. ரத்தப் பரிசோதனைக்குப் போனால் என் மனைவி என் கையை அல்ல, கழுத்தைப் பிடித்துத் திருப்பி வைத்துக்கொள்வாள். பால்கனியில் நின்று பல் தேய்க்கும்போது “எறும்பு கடிச்ச மாதிரி” என்று கீழேயிருந்து கேட்டால் போதும், என் புஜம் தானாக இறுகிவிடும். ஊசி போகப்போவது ரப்பருக்கு என்று அறிவுக்குத் தெரிகிறது, புஜத்துக்குத் தெரிவதில்லை.

ஊசி போடுகிறவரைத் தெருவே சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடம் நர்ஸாக இருந்தவர். இப்போது தெருமுனை கிளினிக்கில் செவ்வாய், வியாழன், சனி மட்டும் வேலை. ஐந்தடிக்குக் குறைவான உயரம். கறாரான பேச்சு. எதைத் தொடும் முன்பும் கை கழுவுவார், தொட்ட பின்பும் கழுவுவார். என் வீட்டுக்கு வந்தால்கூட நாற்காலியைத் தேடமாட்டார், குழாயைத்தான் தேடுவார். அவருடைய கணவரும் அவரை சிஸ்டர் என்றே கூப்பிடுகிறார் என்பதைக் கேட்டு, குடிவந்த புதிதில் நான் திருதிருவென்று விழித்தேன்.

“கால் உடைஞ்சு வார்டுல கிடந்தப்போ அப்படிக் கூப்பிட்டுப் பழகினது சார்,” என்றார் கணவர். “கல்யாணத்துக்கு அப்புறம் மாத்திப் பாத்தேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிறா.”

“அப்படிக் கூப்பிட்டாத்தான் ஏதாவது அவசரமோன்னு ஓடி வருவேன்,” என்றார் சிஸ்டர். “இல்லைன்னா இவருக்கு யாரு வருவா?”

கணவர் லாரி ஓட்டியவர். இருபத்துநாலு வருடம். அதனால் அவர் டிரைவர். மூன்று வருடங்களுக்கு முன் இரண்டு சிறுநீரகங்களும் ஒன்றாக வேலைநிறுத்தம் செய்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுப்பதற்காக அவருடைய இடது கையில் ஒரு சின்ன அறுவை செய்து ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கையால் எடை தூக்கக் கூடாது, அழுத்தக் கூடாது, அதன்மேல் தலை வைத்துத் தூங்கவும் கூடாது. ஆகவே வேனுக்கு அடியில் போகவேண்டியவர் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே போனவர் சிஸ்டர்.

வேனுக்கு என்ன வியாதி என்று சொல்லிவிடுகிறேன். டிரைவர் எனக்கு விளக்கியதைத்தான் சொல்கிறேன். எஞ்சின் முன்னால் இருக்கிறது, அது சுற்றவைக்கும் சக்கரங்கள் பின்னால் இருக்கின்றன. நடுவில் ஆளைவிட நீளமான ஓர் இரும்புத் தண்டு சுழன்றுகொண்டே போகிறது. அத்தனை நீளத் தண்டு ஆடாமல் இருக்க, பாதி வழியில் ஒரு பேரிங் அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. சென்டர் பேரிங் என்பார்கள். அதற்குள் கம்பெனியிலேயே கிரீஸ் வைத்து, தூசி போகாமல் ரப்பர் சீல் போட்டு மூடிவிடுகிறார்கள். கிரீஸ் காய்ந்துபோனால் பேரிங் முனகும். மறுபடி கிரீஸ் வைக்கலாம் என்றால் வழி கிடையாது. பழைய மாடல் என்பதால் புதுப் பேரிங்கும் லேசில் கிடைக்காது.

“வாய் வழியா மருந்து போகாத பேஷண்டை நான் பாத்ததில்லையா?” என்று கேட்டுவிட்டு, தடித்த ஊசியும் பெரிய சிரிஞ்சும் எடுத்துக்கொண்டு சிஸ்டர் முதல்முறை வேனுக்கு அடியில் போனது நான்கு மாதங்களுக்கு முன்பு. மறுநாள் முனகல் நின்றுவிட்டது. டிரைவர் அன்று முழுவதும் தெருவில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்திச் சொன்னார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு டோஸ்.

டோஸ் என்றால் சும்மா இல்லை. அதற்கு ஒரு மணி நேரம் ஏற்பாடு நடக்கும். கிரீஸ் கெட்டியான பசை, ஊசி வழியாக இழுக்க வராது. சிரிஞ்சின் பின்பக்கத் தண்டைக் கழற்றி, குழாயிலிருந்து கிரீஸை உள்ளே பிதுக்கி, தண்டைப் போட்டு, காற்றை வெளியேற்றி, சுண்டி, பிறகு அதை அக்குளில் வைத்துக்கொண்டு சிஸ்டர் டீ குடிப்பார். “எண்ணெய் மருந்து எல்லாமே கொஞ்சம் சூடு காட்டிப் போடணும். அப்பதான் வலி தெரியாது.” யாருக்கு வலி என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் வரும் என்று பயம்.

பிறகு தலைக்கு ஆபரேஷன் தொப்பி. வார்டில் கட்டிய பழைய ஏப்ரன். கிட்னி டிரே என்று ஆஸ்பத்திரிகளில் சொல்வார்களே, வளைந்த எவர்சில்வர் தட்டு, அதில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சு, ஊசி, கத்தரிக்கோல். “எங்க வீட்டுல வேலை செய்யிற ஒரே கிட்னி அந்தத் தட்டுதான் சார்,” என்பார் டிரைவர். ஒவ்வொரு முறையும் சொல்வார். ஒவ்வொரு முறையும் சிஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். எனக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல், டீயை உறிஞ்சுவேன்.

வேனின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளில் நிறுத்துவார்கள். அதன் பிறகு ஆபரேஷன் அறைபோல ஒரு கேள்வி பதில்.

“முன் சக்கரத்துக்குக் கட்டை?”

“நாலு வெச்சாச்சு.”

“ஸ்டாண்டு?”

“ரெண்டு. ஆட்டிப் பாத்துட்டேன்.”

“கியர்?”

“நியூட்ரல்.”

“மனசு?”

“அதுவும் நியூட்ரல்தான் சிஸ்டர், நீ உள்ள போ.”

சிஸ்டர் பிரித்த அட்டைப்பெட்டி ஒன்றைத் தரையில் விரித்து, அதன்மேல் படுத்து உள்ளே சறுக்கிப் போவார். டிரைவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, வலது கையால் பின்சக்கரத்தை மெல்லத் திருப்புவார். சக்கரம் திரும்பினால் தண்டும் திரும்பும், கிரீஸ் பேரிங்குக்குள் ஒரே சீராகப் பரவும். உள்ளேயிருந்து “கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... போதும்” என்று வரும். முடிந்ததும் சிஸ்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி, வட்டத் தகட்டைப் பேரிங்மேல் வைத்துக் கேட்பார். வெளியே வந்து, கை கழுவி, வார்டில் கட்டிலோரம் தொங்குமே, அதுபோலக் கதவோரம் ஆணியில் தொங்கும் வேனின் குறிப்பு அட்டையை எடுத்து எழுதுவார். தேதி, கிலோமீட்டர், மருந்தின் அளவு, சத்தம். சத்தம் என்ற இடத்தில் “லேசான முனகல்” என்று ஒரு நாள் இருக்கும். “நல்ல தூக்கம்” என்று ஒரு நாள் இருக்கும்.

அதே ஸ்டெதாஸ்கோப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. தினமும் காலையில் எழுந்ததும் சிஸ்டர் கை கழுவிவிட்டு, டிரைவரின் இடது முன்கையில் இரண்டு விரல்களை வைப்பார். இணைத்த ரத்தக்குழாய்க்குள் ரத்தம் வேகமாகப் போவதால் தோலுக்கு அடியில் ஒரு அதிர்வு இருக்க வேண்டும். சுகமாகப் படுத்திருக்கும் பூனையின் முதுகில் கைவைத்தால் உர்ரென்று ஒன்று தெரியுமே, அது மாதிரி. அது நின்றுபோனால் கையில் அந்தக் குழாய் அடைத்துப்போனது என்று அர்த்தம். விரலில் சந்தேகம் வந்தால் ஸ்டெதாஸ்கோப். “இருக்கு” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு டீ போடப் போவார்.

“இந்தக் கையில சத்தம் வந்தா நல்லது. அந்த வண்டியில சத்தம் வந்தா கெட்டது. குழப்பிக்காம இருந்தா சரி,” என்றார் ஒருமுறை.

வேனை ஓட்டுவது சிஸ்டர். நாற்பத்தொன்பதாவது வயதில் கற்றுக்கொண்டது. டயாலிசிஸ் நாட்களில் காலை ஐந்தரைக்குக் கிளம்பும் வேனில் இன்னும் இருவர் ஏறுவார்கள். ஒருவர் அடுத்த தெரு டெய்லர், சக்கர நாற்காலியில் வருவார், அவருக்காகப் பின்கதவில் சாய்வுப் பலகை உண்டு. இன்னொருவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பக்கத்து இருக்கையில் டிரைவர் உட்கார்ந்து வழிநெடுக வகுப்பு எடுப்பார். “கிளட்சு... கிளட்சு. அது என்ன சைக்கிள் பெடலா, மிதிச்சுக்கிட்டே இருக்கே? இண்டிகேட்டர். வளைஞ்சதுக்கு அப்புறம் போட்டா யாருக்குப் பிரயோசனம்?” மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட நல்லா ஓட்டினே என்று அவர் வாயில் வந்ததில்லை. சிஸ்டருக்கு மூக்கின்மேல் கோபம் வரும். ஆனாலும் வாயை மூடு என்று ஒருமுறையும் சொன்னதில்லை.

ஏன் என்று நானே ஒரு நாள் கேட்டேன்.

“டாக்சியில பின் சீட்டுல உக்காந்தா அவரு பேஷண்டு சார்,” என்றார் சிஸ்டர். “இந்த வண்டியில உக்காந்தா டிரைவர். திட்டட்டும். திட்டுற வரைக்கும் நல்லா இருக்காருன்னு அர்த்தம்.”

போன மாதம் ஒரு புதன்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, வேன் முனகவில்லை, உறுமியது. தெருமுனையில் திரும்பும்போதே எனக்குக் கேட்டது. உரலில் கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி. வாசலில் வண்டி நின்றபோது நான்கு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. கணக்கு டீச்சர் மட்டும், “பாலத்துலேர்ந்து இங்க வரைக்கும் இருபத்தாறு தடவை டக்குனு அடிச்சுது,” என்று தகவல் சொல்லிவிட்டு இறங்கினார்.

டிரைவர் இறங்கவில்லை. டயாலிசிஸ் முடிந்த நாளில் அவருக்குக் குரலே மெதுவாகத்தான் வரும். “வித்துடலாம் சிஸ்டர்,” என்றார்.

“ஊசி போட்டா சரியாயிடும்.”

“போன ஞாயித்துக்கிழமைதானே போட்ட. எனக்குத்தான் வேற வழியில்ல, வாரத்துக்கு மூணு தடவை ஊசியில ஓடுறேன். அதையாவது விட்டுடுவோம். நீயும் எத்தனை நாளைக்கு அடியில போய்ப் படுப்பே? ஆள் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து பாக்கச் சொல்றேன். நாம டாக்சியில போயிக்கலாம்.”

டிரைவர் அங்கேயே உட்கார்ந்து போனை எடுத்துப் பேசியும் முடித்துவிட்டார். அவரைக் கைத்தாங்கலாக இறக்கிப் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்த சிஸ்டர், வாசல்படியில் என்னைப் பார்த்ததும், “ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள இந்தச் சத்தம் நிக்கணும் சார்,” என்றார். எனக்கு வேனைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. நிற்கும் என்று சொல்லிவைத்தேன்.

அன்று சாயங்காலமே ஒர்க் ஷாப்காரர் வந்தார். டிரைவரோடு ஒரு காலத்தில் லாரியில் கிளீனராக ஓடியவர். இப்போது தொந்தி போட்டு, வேனை ஒரு சாண் கூடுதலாகத் தூக்கினால்தான் அடியில் போகமுடிகிறது. உள்ளே போனவர் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு சிரிப்பு. வேனுக்கு அடியில் அத்தனை பெரிய தொந்தி குலுங்கிச் சிரித்தால் ஸ்டாண்டே ஆடுகிறது.

“அக்கா, இது என்ன சல்லடையா? சீலைச் சுத்தி ஒண்ணு, ரெண்டு, மூணு... பதினாலு ஓட்டை. அடியெல்லாம் கிரீஸ் தெறிச்சு அப்பியிருக்கு. போட்டது எல்லாம் வெளிய வந்துடுச்சு, வெளிய இருந்த மண்ணு எல்லாம் உள்ள போயிடுச்சு.”

“வாரத்துக்கு ஒரு தடவைதானே போட்டேன்,” என்றார் சிஸ்டர்.

“போட்டது தப்பில்லக்கா. நல்ல ஐடியாதான். ஆனா எப்பவும் ஒரே ஓட்டையில போட்டிருக்கணும். நீங்க ஒவ்வொரு தடவையும் புது இடத்துல குத்தியிருக்கீங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் தள்ளித் தள்ளி, கோலத்துக்குப் புள்ளி வெச்ச மாதிரி. யாருக்கா உங்களுக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?”

சிஸ்டரின் முகம் சின்னதாகிவிட்டது. இருபத்தெட்டு வருடத்தில் அவர் கைவேலையைப் பார்த்து ஒருவர் சிரித்தது அதுதான் முதல்முறையாக இருக்கும். “ஒரே இடத்துல குத்தினா அந்த இடம் கெட்டுப்போயிடும்,” என்றார். “தழும்பாகும். வீங்கும். அதான் இடம் மாத்தி மாத்திக் குத்தணும்னு...”

முடிக்கவில்லை. படுக்கையிலிருந்து எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற டிரைவர்தான் மிச்சத்தைச் சொன்னார்.

“வாப்பா இங்க. இந்தக் கையைப் பாரு.” சட்டையை முழங்கைக்குமேல் ஏற்றி இடது கையை நீட்டினார். மணிக்கட்டுக்கு மேலிருந்து முழங்கைவரை ஏணிப்படிபோல ஊசித் தடங்கள், ஒன்றுக்கு மேல் ஒன்று, சமமான இடைவெளியில். “மூணு வருஷம். ஒரு தடவைக்கு ரெண்டு, வாரத்துக்கு ஆறு ஊசி. நேத்து குத்தின இடத்துல இன்னைக்குக் குத்த எந்த நர்ஸையும் இவ விட்டதில்ல. கூடவே நின்னு, இங்க குத்து, அங்க குத்துன்னு விரல வெச்சுக் காட்டுவா. அங்க இருக்கிறவங்க எல்லாம் இவளைக் கண்டாலே ஓடுவாங்க. என்னோட சேந்து ஆரம்பிச்சவங்க நாலு பேருக்குக் கை அடைச்சு மறுபடி ஆபரேஷன் ஆயிடுச்சு. எனக்கு ஒண்ணும் ஆகல. இவளுக்கு வேற மாதிரி குத்தத் தெரியாதுப்பா.”

ஒர்க் ஷாப்காரர் வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்து எழுந்து நின்றார். தொந்தியில் இருந்த மண்ணைத் தட்டினார். பிறகு மிகவும் மரியாதையாக, “அக்கா, தெரியாம சிரிச்சுட்டேன்,” என்றார்.

“சிரிங்க, அதனால என்ன,” என்றார் சிஸ்டர். “ரப்பருக்குச் சதை வளராதுன்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க.” அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானை ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புதுப் பேரிங் தேடியதில் வெளியூர்க் கடை ஒன்றில் ஒன்றே ஒன்று இருந்தது. சனிக்கிழமை வந்து சேரும் என்றார்கள். நடுவில் வெள்ளிக்கிழமை இருக்கிறது. டாக்சி பிடிக்கலாம்தான். ஆனால் போகும்போது வருகிற டாக்சி, திரும்பும்போது தள்ளாடுகிற மூன்று பேரையும் ஒரு சக்கர நாற்காலியையும் பார்த்ததும் வேறு சவாரி இருக்கிறது என்று கிளம்பிவிடும். மூன்று பேருக்கும் இது பழைய அனுபவம். “நம்ம வண்டியிலேயே போலாம். உருட்டிக்கிட்டுப் போனாலும் சரி,” என்றார் டெய்லர். சிஸ்டர் வியாழக்கிழமை சீல் முழுவதையும் ஸ்பிரிட்டால் துடைத்துக் கொடுக்க, ஒர்க் ஷாப்காரர் பதின்மூன்று ஓட்டைகளை ரப்பர் பசையால் அடைத்தார். பதினாலாவது ஓட்டை வழியாக, அந்த ஒன்றின் வழியாக மட்டும், சிஸ்டர் கடைசி டோஸைப் போட்டார். “முப்பதுக்கு மேல போகாதீங்க. சத்தம் அதிகமானா ஓரம் கட்டிடுங்க,” என்று சொல்லிவிட்டு ஒர்க் ஷாப்காரர் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு என் கதவைத் தட்டினார் சிஸ்டர். “மாடி சார், டெய்லரோட நாற்காலியைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும். வண்டி இன்னைக்கு எப்படி ஆடும்னு தெரியல. இவருக்கும் வேற டியூட்டி.”

டிரைவரின் வேறு டியூட்டி என்னவென்று வேனுக்குள் ஏறியதும் பார்த்தேன். அவர் முன்னிருக்கையில் இல்லை. நடு வரிசையில் உட்கார்ந்து, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி, தகட்டைக் காலடியில் பேரிங்குக்கு நேர்மேலே தரையில் வைத்து, வலது காலால் அமுக்கிப் பிடித்திருந்தார். மடியில் வேனின் அட்டை. சிஸ்டருடைய பேனா.

அப்படி ஒரு பயணத்தை நான் போனதில்லை. சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். காலை நடை போகிற ஒரு பெரியவர் கொஞ்ச தூரம் கூடவே வந்தார், பிறகு அவரும் தாண்டிவிட்டார். கணக்கு டீச்சர் விளக்குக் கம்பங்களை எண்ணி, இந்த வேகத்தில் போனால் எத்தனை நிமிடத்தில் சேருவோம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். டெய்லர், “என் நாற்காலியை எறக்கி விடுங்க, நான் முன்னாடி போய் இடம் பிடிக்கிறேன்,” என்றார். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நாற்காலியைப் பிடித்திருந்தேன்.

பாலத்தில் ஏறும்போது உறுமல் அதிகமானது. தரை அதிர்வது என் பாதத்துக்கே தெரிந்தது. சிஸ்டர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையைத் தூக்கி, நில் என்பதுபோலப் பிடித்தார். வேகம் இன்னும் குறைந்தது. அந்தக் கை அந்தரத்திலேயே இருந்தது. பிறகு கை மெதுவாக முன்னால் அசைந்தது.

“போ. கத்துது, ஆனா தாங்கும். கிளட்சு மேல கால் வெக்காத. அப்படித்தான்.”

ஆறரைக்குச் சேர்ந்தோம். மூன்று பேரையும் உள்ளே படுக்கவைத்துவிட்டு வந்து, சிஸ்டர் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து வேனின் அட்டையை எடுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். டிரைவரின் கோணல் கையெழுத்து. ஐந்தரை, முனகல். ஐந்து ஐம்பது, பாலம், அலறல். ஆறு, மறுபடி முனகல். ஆறரை, வந்து சேர்ந்தது. அதற்குக் கீழே, கட்டத்துக்கு வெளியே, “ஓட்டினது நல்லா இருந்தது” என்று எழுதியிருந்தார்.

சிஸ்டர் அதை இரண்டு முறை படித்தார். “எழுத்துப் பிழை இல்லாம எழுதியிருக்காரு,” என்று மட்டும் சொன்னார். அட்டையைத் திரும்பி வரும்வரை கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

திரும்பி வந்தபோதும் வேன் தாங்கியது. ஆனால் டிரைவர், வாங்க வருகிற ஆளை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. சிஸ்டரும் கேட்கவில்லை. சனிக்கிழமை பேரிங் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒர்க் ஷாப்காரர் கடைக்கு லீவு என்பதால் தன் கருவிகளோடு இங்கேயே வந்து, தண்டைக் கழற்றி, பழையதைத் தட்டி எடுத்து, புதியதை ஏற்றினார். பதினொரு மணி ஆயிற்று. புதுப் பேரிங்கில் கிரீஸ் ஏற்றவென்றே ஒரு சின்ன நிப்பிள் இருந்தது.

“இனிமே ஊசி வேண்டாம்க்கா. வாய் வழியா குடுத்துடலாம்,” என்றார்.

டிரைவர் உள்ளே போய் ஒரு பழைய கிரீஸ் கன்னோடு வந்தார். லாரி நாளில் வைத்திருந்தது. கைப்பிடியில் சுற்றியிருந்த டேப் தேய்ந்து அவர் உள்ளங்கை அச்சாக மாறியிருந்தது. அதை அழுத்த இரண்டு கை வேண்டும். அதனால் சிஸ்டரிடம் நீட்டினார்.

சிஸ்டர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏப்ரன் கட்டி, தொப்பி மாட்டி, முனையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக்கொண்டு தரையில் விரித்த அட்டையில் சறுக்கி உள்ளே போனார். டிரைவர் ஸ்டூலில் உட்கார்ந்து சக்கரத்தில் கைவைத்தார். நான் பால்கனியிலிருந்து இறங்கி வந்து வாசல்படியில் நின்றேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், எறும்பு கடிக்கவில்லை. “வாயைத் திறங்க பாப்போம்,” என்று வந்தது.

நான்கு அழுத்து. “கொஞ்சம் திருப்புங்க... இன்னும் கொஞ்சம்... வேகமா சுத்துங்க.” சக்கரம் சுழன்றது. சிஸ்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். தெருவில் யாரோ தண்ணீர் பிடிக்கிற சத்தம், எங்கேயோ ஒரு ரேடியோ. வேனிலிருந்து ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்து டிரைவரின் போன் அடித்தது. வாங்க வருகிறவர். தெருமுனைக்கு வந்துவிட்டாராம், எந்த வீடு என்று கேட்கிறார். டிரைவர் போனைக் காதில் வைத்தபடி வேனுக்கு அடியில் தெரிந்த இரண்டு காலுறைகளைப் பார்த்தார். கால்கள் அசையவில்லை. ஸ்டெதாஸ்கோப் காதில் இருந்தாலும், வெளியே போன் அடித்தது சிஸ்டருக்குக் கேட்காமலா இருக்கும்?

“மன்னிச்சுக்கோங்க,” என்றார் டிரைவர் போனில். “உங்களை அலைய வெச்சுட்டேன். வண்டியைக் குடுக்கிற மாதிரி இல்ல. வேணும்னா வந்து ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க.”

கால்கள் வேகமாக நெளிந்தன. சிஸ்டர் சறுக்கி வெளியே வந்தார். தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது, மூக்கின்மேல் கிரீஸ், இரண்டு கையும் முழங்கைவரை கறுப்பு. எழுந்து நிற்கக்கூட இல்லை. முழங்காலிலேயே ஸ்டூல்வரை வந்து, சக்கரத்தோரம் மடியில் கிடந்த டிரைவரின் இடது கையில் இரண்டு விரல்களை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

“இருக்கு,” என்றார்.

கண்ணைத் திறந்தவர் பதறிப்போனார். குழாயைத் தேடாமல் அவர் எதையாவது தொட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஊசித் தடங்களுக்குப் பக்கத்தில் இரண்டு கறுப்பு விரல் ரேகைகள், அச்சடித்த மாதிரி. ஐயோ, கையைக் கழுவலையே என்று எழுந்து, கிட்னி டிரேயிலிருந்து ஸ்பிரிட் பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

டிரைவர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டார்.